கரண்ட் வைக்கிற கதை

தஞ்சாவூர்ப் பக்கம் கதிர்வீச்சு சிகிச்சைக்கு இன்னொரு பேர், 'கரண்ட் வைக்கிறது'. "பெரியம்மாவுக்கு இருபத்தஞ்சு கரண்ட் சொல்லியிருக்காங்க" என்றால் 25 நாள் கதிர்வீச்சு என்று அர்த்தம். இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1923இல் தன் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். இந்த நோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்ற அவருடைய பிடிவாதத்துக்கு அந்தச் சாவும் ஒரு காரணம். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் 12 படுக்கைகளோடு அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் தொடங்கியது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 1950கள் முடிவதற்குள் கனடாவிலிருந்து கோபால்ட் 60 இயந்திரம் அங்கே வந்துவிட்டது.

அதற்கு முந்தைய எக்ஸ்ரே இயந்திரங்களில் ஆழத்தில் உள்ள கட்டிக்குப் போதிய கதிர் போய்ச் சேர்வதற்குள் மேல்தோல் வெந்துவிடும். கோபால்ட்டின் காமா கதிர் தோலை அவ்வளவாகச் சுடாமல் உள்ளே பாயும். வேடிக்கை என்னவென்றால், அதில் கதிர் தருவது கரண்டே இல்லை. உலோகம் தானாகவே கதிரை உமிழ்கிறது. மின்சாரம் இயந்திரத்தை இயக்க மட்டும்தான். ஆனால் சுமார் 5.27 ஆண்டில் அதன் வீரியம் பாதியாகிவிடும். 2 நிமிஷம் வைத்த இடத்தில் 4 நிமிஷம் வைக்கணும். வெளியே வரிசை நீளும்.

அப்புறம் வந்தது லீனியர் ஆக்சிலரேட்டர். எலெக்ட்ரான்களை வேகமாக முடுக்கி, ஒரு உலோகத் தகட்டில் மோதவிட்டுக் கதிரை உண்டாக்கும். சுவிட்சை அணைத்தால் கதிரும் இல்லை. ஊர்க்காரர்கள் வைத்த பேர் இதற்குத்தான் சரியாகப் பொருந்துகிறது! கட்டியின் உருவத்துக்கு ஏற்ப கதிரை வெட்டிக் கொடுக்கவும் இதனால் முடியும். இப்போது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இந்த இயந்திரம் இருக்கிறது. சென்னைக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டிய அலைச்சல் பலருக்குக் குறைந்தது.

குறையாதது நாட்கள். ஒரு தடவை கரண்ட் வைக்கச் சில நிமிஷம்தான். ஆனால் வாரத்துக்கு 5 நாள், 5 வாரம் வரணும். மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்கினால், கூலிக்குப் போகிற பெண்ணுக்கு ஒவ்வொரு நாளும் காசு. "நடவு முடிச்சுட்டு வர்றேன்" என்று பாதியில் நிறுத்தினால், அந்த இடைவெளியில் மிச்சமுள்ள செல்கள் மறுபடி பெருகும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு, உள்ளே வைக்கும் கதிரையும் சேர்த்து 8 வாரத்துக்குள் முடிக்கச் சொல்வது இதனால்தான்.

அதனால் எனக்குப் பெரிய முன்னேற்றமாகத் தெரிவது நாட்களைக் குறைக்கும் ஆராய்ச்சி. ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோயில் 3 வாரம் கொடுப்பதை 1 வாரத்தில், 5 தடவையாகக் கொடுத்தாலும் பலன் குறைவதில்லை என்று 2020இல் பிரிட்டனின் ஆய்வு ஒன்று காட்டியது. கர்ப்பப்பை வாய்க்கு இன்னும் அந்த வசதி வரவில்லை. அதுவரை, தங்க ஓர் இடமும் போன கூலிக்கு ஒரு தொகையும் கொடுப்பதையும் சிகிச்சையின் பாகமாகவே எண்ணணும்.