சின்னத்திரை நெடுந்தொடர்களில் தந்தை – மகள் உறவு: ‘மெட்டி ஒலி’, ‘கோலங்கள்’ – ஒரு வரலாற்று நோக்கு

தமிழ்ச் சின்னத்திரை நெடுந்தொடர் குறித்த ஆய்வுகளில் மாமியார் – மருமகள் பூசல் பெற்ற கவனத்தைத் தந்தை – மகள் உறவு பெறவில்லை. சன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான திருமுருகனின் ‘மெட்டி ஒலி’ (2002–2005), திருச்செல்வத்தின் ‘கோலங்கள்’ (2003–2009) ஆகிய இரு தொடர்களும் அவ்வுறவை மையமாகக் கொண்டவை. அவற்றை அக்காலச் சொத்துரிமைச் சட்ட மாற்றங்களோடு இணைத்து நோக்குகிறது இக்கட்டுரை.

‘மெட்டி ஒலி’யின் சிதம்பரம், தாயில்லாத ஐந்து மகள்களை வளர்த்தவர். மகள்களுக்கு மணம் முடித்து வைப்பதே அவருடைய தலையாய கடமை. ஆயினும் புகுந்த வீட்டில் சரோ துன்புறும்போது அவரால் உறுதியாகத் தலையிட இயலவில்லை. மணம் முடித்துக் கொடுத்த அளவிலேயே தந்தையின் அதிகாரம் முடிவடைகிறது. பாசம் மட்டும் எஞ்சுகிறது.

‘கோலங்கள்’ இதற்கு மறுதலையானது. ஈஸ்வரமூர்த்தி மனைவியையும் பிள்ளைகளையும் பிரிந்து வேறொரு குடும்பம் அமைத்தவர். அவர் விட்டுச் சென்ற பொறுப்பைச் சுமப்பவள் மூத்த மகள் அபி. தந்தையின் மற்றொரு மனைவிக்குப் பிறந்த ஆதித்யா அவளுடைய எதிரியாகிறான். இங்குத் தந்தையின் பாசமும் உடைமையும் ஒரே வழக்கின் இரு கூறுகளாகின்றன.

1989ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்திருத்தம் இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை வழங்கியது. எனினும் அதற்கு முன் மணமானவர்களை விலக்கியது. அதாவது, திருமணம் மகளைத் தந்தை வீட்டிலிருந்து பிரிக்கும் என்னும் கருத்தைச் சட்டமும் ஓரளவு ஏற்றிருந்தது. சிதம்பரத்தின் தயக்கத்திற்கு அடிப்படையும் இக்கருத்தே. 2005 செப்டம்பர் 9இல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத்திருத்தம் மணமான மகளுக்கும் அவ்வுரிமையை அளித்தது. அப்போது ‘மெட்டி ஒலி’ முடிந்திருந்தது, ‘கோலங்கள்’ தொடர்ந்துகொண்டிருந்தது.

இக்கால ஒற்றுமையைக் காரண காரியத் தொடர்பாகக் கொள்ளுதல் பொருந்தாது. ‘கோலங்கள்’ தொடங்கியது திருத்தத்திற்கு முன்னரே. மேலும், தந்தை தாமே ஈட்டிய சொத்தை உயில்வழி எவருக்கும் அளிக்கலாம் என்னும் நிலை 2005க்குப் பின்னும் மாறவில்லை. ஆகவே, மகளுக்குரிய இடம் ஒருபால் சட்டத்தையும், மறுபால் தந்தையின் மனத்தையும் சார்ந்தே நின்றது. மணமான மகளுக்குத் தந்தையிடம் உள்ள உரிமை யாது என்னும் வினா, சட்டமன்றத்திலும் வீட்டுக் கூடத்திலும் ஒரே காலத்தில் எழுந்தது என்பதற்கு இவ்விரு தொடர்களும் சான்றாகின்றன. எனவே, இவற்றைக் குடும்ப வரலாற்றுக்குரிய ஆவணங்களாகவும் கொள்ள இடமுண்டு.