சாவடி முதல் விருந்தினர் இல்லம் வரை: கோட்டக்குப்பம் கடற்கரைச் சாலையில் வழிப்போக்கர் தங்கிய வரலாறு

பழமையான நகரம் ஒன்றுக்கு வெளியூரிலிருந்து வந்தவர்கள் எங்கே தங்கினார்கள், அந்தத் தங்கலுக்கு யார் செலவு செய்தார்கள் என்ற இரு கேள்விகளுக்கும் கிடைக்கும் விடை, அந்நகரின் கோட்டைகளும் மாளிகைகளும் சொல்லாத சமூக வரலாற்றைச் சொல்லும். புதுச்சேரியின் வடக்கெல்லையில், முத்தியால்பேட்டையை ஒட்டி, விழுப்புரம் மாவட்டத்தின் வானூர் வட்டத்தில் உள்ள கோட்டக்குப்பம் இந்த ஆராய்ச்சிக்கு மிகப் பொருத்தமான ஊராகும். மரக்காணத்து உப்பளங்களிலிருந்து தெற்கு நோக்கி வரும் கடற்கரைச் சாலை புதுச்சேரிக்குள் நுழையும் வாசலில் இவ்வூர் அமைந்திருப்பதால், நகருக்குள் தங்க வசதியில்லாதவர்கள் காலந்தோறும் இச்சாலையோரத்தையே நாடி வந்துள்ளனர். கோட்டக்குப்பத்தை அடுத்துள்ள சின்ன முதலியார்சாவடி, பெரிய முதலியார்சாவடி என்னும் ஊர்களின் பெயர்களிலேயே அந்த வரலாறு பதிந்துள்ளது. வழிப்போக்கர் இளைப்பாறவும் இரவு தங்கவும் சாலையோரத்தில் எழுப்பப்படும் பொதுக் கட்டடமே சாவடி. தங்குவதோடு உணவும் வழங்கும் ஏற்பாடு இருந்தால் அது சத்திரம் எனப்பட்டது.

இக்கடற்கரையில் வழிப்போக்கரை ஏற்கும் மரபுக்குச் சங்க இலக்கியமே சான்று தருகிறது. பத்துப்பாட்டில் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையை நல்லூர் நத்தத்தனார் ஓய்மாநாட்டுத் தலைவன் நல்லியக்கோடன் மீது பாடினார். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன், வறுமையில் வாடும் மற்றொரு பாணனுக்கு வழிகாட்டும் முறையில் அந்நூல் அமைந்துள்ளது. அதில் வரும் எயிற்பட்டினத்தை அறிஞர் பலர் மரக்காணத்தோடு பொருத்துவர். அப்பட்டினத்தில் பரதவர் குடியினர் தேறலும் சுட்ட குழல்மீனும் தருவர் என்றும், அடுத்து வேலூரில் எயினரும் ஆமூரில் உழவரும் தத்தம் நிலத்து உணவைப் படைப்பர் என்றும், இறுதியில் இன்றைய திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கிலில் அரசனே விருந்தளிப்பான் என்றும் அந்நூல் வழியை விவரிக்கிறது. பொருள் இல்லாத கலைஞன் ஒருவன் நாடு முழுவதும் நடந்து செல்ல முடிந்ததற்குக் காரணம் விடுதிகள் அல்ல, வழியிலிருந்த ஒவ்வொரு குடியும் விருந்தோம்பலைத் தன் கடமையாகக் கொண்டிருந்ததே என்பது இதனால் விளங்குகிறது.

சோழர் காலத்தில் இக்கடமை வீடுகளிலிருந்து நிறுவனங்களுக்கு விரிந்தது. விழுப்புரம் பகுதியிலுள்ள எண்ணாயிரம் கோயிலின் முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு, 340 மாணவர்கள் பயின்ற கல்லூரிக்கு விடப்பட்ட நிலங்களையும், மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் நாள்தோறும் அளக்கப்பட வேண்டிய நெல்லையும் கணக்கிட்டுச் சொல்கிறது. புதுச்சேரிக்கு மேற்கேயுள்ள திருபுவனையின் கல்வெட்டு 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்த மற்றொரு கல்லூரியைக் குறிப்பிடுகிறது. காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில், வீரராசேந்திரன் காலத்தில், மாணவர் விடுதியோடு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையும், அதாவது நோயாளர்க்கான மருத்துவமனையும், இயங்கியது. இக்கல்வெட்டுகள் அனைத்தும் ஒரே முறையைக் காட்டுகின்றன: தங்குபவர் பணம் தரவில்லை, எந்த ஊரின் எந்த நிலத்து விளைச்சல் அச்செலவை ஏற்க வேண்டும் என்பது முன்கூட்டியே கல்லில் வெட்டப்பட்டது.

சமய நிறுவனங்கள் இம்மரபைத் தொடர்ந்தன. கோட்டக்குப்பத்துக்கு வடக்கே கடலோரத்திலுள்ள பொம்மையார்பாளையம், மயிலம் முருகன் கோயிலை நிருவகிக்கும் வீரசைவ மடமான பொம்மபுர ஆதீனத்தோடு தொடர்புடைய ஊராகும். துறவியர் உறையும் இடமான மடம், அடியவர்க்கு உணவும் இடமும் தரும் இடமாகவும் விளங்கியது. மாசி மகத்தன்று மயிலம் உள்ளிட்ட பல ஊர்களின் உற்சவ மூர்த்திகள் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்காக எழுந்தருளும்போது, அவற்றோடு திரளும் மக்கள் தங்குவதற்கு மண்டபங்களும் சாவடிகளும் தேவைப்பட்டன. முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் கோட்டக்குப்பத்தில் வழிப்போக்கரைப் பேணுவது சமயக் கடமையின் ஒரு கூறாகவும் அமைந்தது. ஜகாத் என்னும் கடமைக்கொடையைப் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரில் வழிப்போக்கரையும் ஒருவராகத் திருக்குர்ஆன் வைக்கிறது. பயணியைக் குறிக்கும் முசாபர் என்ற அரபுச் சொல், அரசு அலுவலர் தங்கிய முசாபரி பங்களாவின் பெயராகத் தமிழ் வழக்கில் நிலைபெற்றது.

சாலையோரச் சத்திரத்தின் அமைப்பு அதன் பயனையே பின்பற்றியது. முன்புறம் தூண்கள் தாங்கிய நீண்ட திண்ணை, உள்ளே முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரங்கள், பின்புறம் அடுக்களை, அருகே கிணறோ குளமோ, வண்டி மாடுகளை அவிழ்த்துக் கட்ட மரநிழல் ஆகியவை அதன் வழக்கமான உறுப்புகள். சத்திரத்துக்கும் சத்திரத்துக்கும் இடைப்பட்ட தொலைவில் சுமைதாங்கிக் கற்கள் நின்றன: நட்ட இரு கற்களின் மேல் ஒரு கல்லைக் கிடத்தி, தலைச்சுமையோடு வரும் ஒருவர் பிறர் துணையின்றி, குனியாமல், சுமையை இறக்கி வைத்து மீண்டும் ஏற்றிக்கொள்ளும் உயரத்தில் அவை அமைக்கப்பட்டன. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அவளுடைய குடும்பத்தார் சுமைதாங்கி நடுவது வழக்கமாதலால், உப்பும் மீனும் சுமந்து நடந்த ஏழையரின் இளைப்பாறலுக்கு ஓர் இல்லத்தின் துயரமே அறமாக மாறியது. கோடையில் நீர்மோர் வழங்கிய தண்ணீர்ப் பந்தலும் இவ்வேற்பாட்டின் ஒரு பகுதியே.

இந்த அறத்தின் பொருளாதாரத்தைத் தஞ்சை மராத்திய அரசின் ஆவணங்கள் தெளிவாகக் காட்டுகின்றன. மதுரையில் ராணி மங்கம்மாள் சாலைகளையும் சத்திரங்களையும் அமைத்ததைப் போலவே, தஞ்சை அரசர்களும் இராமேசுவரம் செல்லும் வழியெங்கும் சத்திரங்களை நிறுவினர். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோசி எழுப்பிய முத்தம்பாள் சத்திரம் அவற்றுள் புகழ்பெற்றது. 1799ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியிடம் சென்ற பின், சத்திரங்களின் மானிய நிலங்கள் பறிபோகக் கூடாது என்று சரபோசி 1801இல் பிரித்தானியப் பிரதிநிதிக்கு எழுதினார். எல்லாச் சாதியினர்க்கும் சோறு வழங்குதல், நோயுற்ற பயணிக்கு மருத்துவம் பார்த்தல், பேறுகாலப் பெண்களைக் கவனித்தல், பயணத்தில் இறந்தவர்க்கு ஈமக்கடன் செய்தல் ஆகியவற்றை அக்கடிதம் சத்திரத்தின் பணிகளாக விவரிக்கிறது. நிலத்தைப் பிரித்தால் சத்திரம் வெறும் கட்டடமாகி விடும் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

புதுச்சேரி பிரெஞ்சுக்காரரின் தலைமையிடமாக வளர்ந்த 18ஆம் நூற்றாண்டில் கோட்டக்குப்பம் சாலையின் முக்கியத்துவம் பன்மடங்கு உயர்ந்தது. சென்னைப் பட்டினத்திலிருந்து சதுரங்கப்பட்டினம், ஆலம்பரை, மரக்காணம் வழியாக வந்த வணிகரும் தூதுவரும் தபால்காரரும் மதில் சூழ்ந்த அந்நகரை அதன் வடக்கிலிருந்த சென்னை வாயில் வழியாக அடைந்தனர். கோட்டை நகரங்களின் வாயில்கள் இரவில் அடைக்கப்பட்ட காலத்தில், பொழுது சாய்ந்தபின் வந்து சேர்ந்தவருக்கு மதிலுக்கு வெளியிலிருந்த சாவடியே புகலிடமாயிற்று. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிக இடையீட்டாளராகவும், பணிபுரிந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் சத்திரங்களும் சாவடிகளும் வருகின்றன. செல்வரான துபாஷிகள் சத்திரம் கட்டுவதைத் தம் தகுதிக்குரிய அறமாகக் கருதினர். 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டதும், 1761இல் அதைக் கைப்பற்றி இடித்ததும், சாலையோர ஊர்களின் அமைதியையும் அறநிலைகளின் தொடர்ச்சியையும் குலைத்தன.

சத்திர மரபைப் போற்றுவோர் அதன் குறையை மறைத்தல் ஆகாது. பல சத்திரங்களில் உணவு பார்ப்பனர்க்கு மட்டுமே என்ற விதி இருந்தது. சில இடங்களில் பிறருக்கு அரிசியும் பருப்பும் அளந்து தரப்பட்டன. ஒடுக்கப்பட்ட சாதியினர் திண்ணையைக் கூட மிதிக்க முடியாத நிலை நிலவியது. வாடகை வாங்காத இடமானாலும், நுழைய முடியாதவருக்கு அது எட்டாத இடமே. விடுதலைக்குப் பின் அரசியலமைப்பின் 15, 17ஆம் உறுப்புகளும், தர்மசாலை, சராய், முசாபர்கானா ஆகியவற்றை வெளிப்படையாகப் பெயர் சுட்டி உள்ளடக்கிய 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டமும்தான் பொதுத் தங்குமிடத்தை எல்லாருக்கும் உரிய உரிமையாக்கின.

சத்திரங்களின் வீழ்ச்சி ஒரே நாளில் நிகழவில்லை. 1817ஆம் ஆண்டின் ஏழாம் சென்னை ஒழுங்குமுறை, கோயில், மசூதி, பாலம், சத்திரம் ஆகியவற்றின் மானியங்களை வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் வைத்தது. 1871ஆம் ஆண்டின் உள்ளூர் நிதிச் சட்டத்துக்குப் பின் பொதுச் சத்திரங்கள் பலவும் உள்ளூர் வாரியங்களின் பொறுப்புக்கு வந்தன. நெல்லாக இருந்த வருவாய் பணமாக மாறியபோதும், குத்தகைத் தொகை பல ஆண்டுகள் உயராமல் நின்றபோதும் உணவு வழங்கல் சுருங்கியது. 1879இல் விழுப்புரம்–புதுச்சேரி இருப்புப்பாதை திறக்கப்பட்டதும் பயணிகள் மேற்கு வழிக்கு மாறினர். நடந்தும் வண்டியிலும் வந்தோருக்காக அமைந்த கடற்கரைச் சாவடிகள் பயணியை இழந்தன. தமிழகமெங்கும் சத்திரக் கட்டடங்கள் பள்ளியாகவும் அலுவலகமாகவும் திருமண மண்டபமாகவும் மாறின, எஞ்சியவை இடிந்தன. அவற்றின் இடத்தை ரயில் நிலையத்தைச் சுற்றி எழுந்த, கட்டணம் வாங்கும் லாட்ஜுகள் பிடித்தன. காசி போன்ற தலங்களில் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் சத்திரங்கள் இன்றும் குறைந்த செலவில் இடம் தருவதற்கு, நிருவாகமும் சொத்தும் அச்சமூகத்தின் கையிலேயே தொடர்ந்ததே காரணம்.

1816இல் புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சு ஆட்சிக்கு வந்ததிலிருந்து 1954 நவம்பர் 1இல் இந்தியாவிடம் ஆட்சி மாறும் வரை, கோட்டக்குப்பம் இரு ஆட்சிகளின் எல்லையாக நின்றது. ஆங்கிலேய அரசின் பிடிக்குத் தப்பி, விடுதலைப் போராளிகளான பாரதியார் 1908இலும், அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் 1910இலும் அந்த எல்லைக்கு அப்பால் புகலிடம் தேடினர். அவர்களைப் போன்றோருக்கு நகரில் இடம் தந்தவை விடுதிகள் அல்ல, தனியார் வீடுகள். அரவிந்தர் 1910 ஏப்ரல் 4இல் வந்து முதல் சில மாதங்கள் தங்கியது கலவை சங்கரஞ் செட்டியாரின் வீட்டில்தான். 1926இல் நிறுவப்பட்ட அரவிந்தர் ஆசிரமம் பிற்காலத்தில் நடத்திய விருந்தினர் இல்லங்கள், குறைந்த கட்டணம், இரவில் கதவடைப்பு, புகையும் மதுவும் விலக்கு என்ற விதிகளோடு பழைய மடத்தின் முறையைப் புதிய வடிவில் தொடர்ந்தன.

1968 பிப்ரவரி 28இல் அருகே பன்னாட்டுக் குடியிருப்பான ஆரோவில் தொடங்கப்பட்டதும், 1990களின் இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலை சீரமைக்கப்பட்டதும், இருப்புப்பாதை திருப்பிவிட்ட பயணியை மீண்டும் கோட்டக்குப்பம் வழிக்குக் கொண்டுவந்தன. புதுச்சேரியின் பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியில் பழைய மாளிகைகள் பாரம்பரிய ஓட்டல்களாக மாறி, நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத வாடகையை நிர்ணயிக்க, மாணவரும் சிறு வருவாயினரும் சோலை நகர் இளைஞர் விடுதியையும், கோட்டக்குப்பம், முதலியார்சாவடிகள், பொம்மையார்பாளையம் ஆகிய ஊர்களின் சிறு விருந்தினர் இல்லங்களையும் தேடிவருகின்றனர். சாவடி நின்ற சாலையிலேயே விருந்தினர் இல்லம் நிற்பது தற்செயல் அன்று. விலையுயர்ந்த நகரின் வாசலில் உள்ள ஊர், வசதி குறைந்த பயணியை எப்போதும் ஏற்றுக்கொள்கிறது. ஆயினும் அதற்குரிய நிலம் குறைந்து வருகிறது. 1980களில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கட்டப்பட்ட அலைதடுப்புகள் வடக்கு நோக்கிய மணலோட்டத்தைத் தடுத்ததால், கோட்டக்குப்பம் முதல் வடக்கேயுள்ள மீனவக் குப்பங்களின் கரையைக் கடல் அரித்து வருகிறது. எஞ்சிய நிலத்துக்கு மீனவர் குடியிருப்பும் சுற்றுலா விடுதியும் போட்டியிடுகின்றன.

நிலத்தின் வருவாய் காக்கப்படும் வரைதான் எளியவர்க்கு இடம் கிடைக்கும் என்ற பாடத்தையே இத்தாலியின் சியனா நகர வரலாறும் தருகிறது. ரோம் நகருக்குச் செல்லும் பிரான்சிஜெனா என்னும் யாத்திரைப் பாதையில், அந்நகரின் பேராலயத்துக்கு எதிரே நின்ற சாந்தா மரியா தெல்லா ஸ்காலா என்ற அறநிலையம், கொடையாகப் பெற்ற பண்ணை நிலங்களின் வருவாயைக் கொண்டு பல நூற்றாண்டுகள் யாத்திரிகரையும் நோயாளரையும் அநாதைக் குழந்தைகளையும் பேணியது. அக்கட்டடம் இன்று அருங்காட்சியகம். அந்நாட்டின் பழைய நகரங்களில் குறைந்த செலவில் தங்க விரும்புவோர் இன்றும் கன்னியர் மடங்களின் எளிய அறைகளையும் நாடுகின்றனர். நிலத்தை விட்டுக்கொடுக்காத நிறுவனமே அங்கும் இடத்தை மலிவாக வைத்திருக்கிறது.

ஆகவே, வரலாற்று நகரங்களில் எளியவர்க்குத் தங்குமிடம் கிடைத்தது சந்தையின் போக்கால் அன்று. ஒருவர் தம் நிலத்தின் வருவாயை அதற்கென ஒதுக்கி, மற்றொருவர் அந்த ஒதுக்கீட்டைத் தலைமுறைதோறும் காத்ததால்தான் கிடைத்தது. சத்திரச் சொத்துகள் எந்தத் துறையின் அல்லது உள்ளாட்சியின் பொறுப்பில் இருந்தாலும், அவற்றைக் கணக்கெடுத்து, ஆவணப்படுத்தி, சாதி மத வேறுபாடின்றிப் பயணிகள் தங்கும் இடமாக மீட்பது அரசின் கடமையாகும். 2021இல் நகராட்சியாகத் தரமுயர்த்தப்பட்ட கோட்டக்குப்பம், தன் பகுதியின் சாவடி மரபை நினைவில் கொண்டு, குறைந்த வாடகையில் பொது விடுதி ஒன்றைத் தானே நிறுவி நடத்துமானால், இக்கடற்கரையின் மிகப் பழைய அறத்தை இந்தத் தலைமுறையும் தொடர்ந்ததாக வரலாறு பதிவு செய்யும்.