கோப்புக்கு நாள் குறித்த கதை

ஏப்ரல் பிறந்தால் எங்கள் மேசைக்கு ஒரு தாள் வரும். கேஆர்ஏ என்பார்கள். இந்த வருஷம் என்னென்ன செய்து முடிப்பாய் என்று எண்ணிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மருந்து நிறுவனங்களில் ரெகுலேட்டரி அஃபேர்ஸ் பார்க்கிறவன் நான். கம்பெனிக்கும் அரசாங்கத்தின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் நடுவில் உட்கார்ந்து, ஒரு மருந்தின் முழுக் கோப்பையும் தயாரித்து அனுப்பி, அங்கிருந்து வரும் கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதுகிற வேலை. முன்பு நான் இருந்த ஒரு கம்பெனியில் தாளின் முதல் வரியே "ஆறு அப்ரூவல்" என்று அடித்து வந்தது. அந்த வருஷம் நான்குதான் கிடைத்தது. மீதி இரண்டு நின்றது மூலப்பொருள் செய்கிற வேறொரு தொழிற்சாலையில் ஆய்வு முடியாததால். எங்கள் கோப்பில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் மதிப்பெண் குறைந்தது எங்களுக்குத்தான். மாசக்கணக்கில் ராத்திரி கண்விழித்த ஒரு தங்கை, அப்ரைசல் முடிந்து வெளியே வந்து கேட்டாள்: "அண்ணா, நான் செய்த வேலைக்கு இந்தத் தாளில் எங்கே இடம்?"

என்னிடம் பதில் இல்லை. இந்த வேலையை நாள் கணக்கிட்டு அளக்கும் வழக்கம் எப்படிப் பிறந்தது என்று தேடிப் படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. குழந்தைகளின் சாவில் தொடங்குகிறது.

1937. டென்னசி மாநிலத்தில் இருந்த மாசென்கில் என்ற கம்பெனி, சல்ஃபனிலமைடு மருந்தை டைஎத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தில் கரைத்து, ராஸ்பெரி மணம் சேர்த்து விற்றது. அந்தத் திரவம் நஞ்சு. குடித்தவர்களில் நூறு பேருக்கு மேல் செத்தார்கள், பலர் குழந்தைகள். விற்பதற்கு முன் பாதுகாப்பைச் சோதிக்க வேண்டும் என்று அன்றைய சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. சாராயம் இல்லாத மருந்துக்கு "எலிக்சர்" என்று பெயர் வைத்ததுதான் வழக்குப் போடக் கிடைத்த குற்றம்.

மறு வருஷமே புதுச் சட்டம் வந்தது. மருந்தை விற்குமுன் அதன் பாதுகாப்புக்கான சான்றுகளை எஃப்டிஏ என்கிற அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் பார்ப்பதற்கு 60 நாள். அதற்குள் மறுப்புச் சொல்லாவிட்டால் விண்ணப்பம் தானாகவே செல்லுபடியாகும். நம் ஊர் வழக்கில் சொன்னால், மௌனம் சம்மதம். மருந்துக் கோப்புக்கு அந்த நாட்டில் நாள் குறித்த முதல் ஏற்பாடு இதுதான்.

அந்த 60 நாளுக்குள் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு பெண்மணி சாட்சி. ஃபிரான்சிஸ் கெல்சி 1960-இல் எஃப்டிஏவில் சேர்ந்தார். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, செப்டம்பரில், தாலிடோமைடு கோப்பு அவர் மேசைக்கு வந்தது. ஐரோப்பாவில் தூக்கத்துக்கும் கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த மருந்து. இதில் சிக்கல் ஒன்றும் இராது என்று நம்பித்தான் புதிதாக வந்தவரிடம் அதைக் கொடுத்தார்கள். கெல்சி சிகாகோவில் மாணவியாக இருந்தபோது, அந்த 1937 மருந்தில் நஞ்சு எது என்று கண்டுபிடித்த ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர். கோப்பில் சோதனைகளை விடப் புகழுரைகள் அதிகம் இருந்ததை அவர் கண் பிடித்துக்கொண்டது.

சட்டம் அவர் கையில் கொடுத்திருந்த கருவி ஒன்றே ஒன்று. கெடு முடியுமுன் "விண்ணப்பம் முழுமையாக இல்லை" என்று எழுதி அனுப்பலாம். கம்பெனி கூடுதல் தகவலோடு திரும்பி வந்தால் நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். அவர் அதைத் திரும்பத் திரும்பச் செய்தார். கம்பெனிக்காரர்கள் போன் போட்டார்கள், நேரில் வந்தார்கள், மேலதிகாரிகளிடம் முறையிட்டார்கள். கெல்சி அசையவில்லை. 1961 நவம்பரில் ஜெர்மனியில் அந்த மருந்தைச் சந்தையிலிருந்து எடுத்தார்கள். உலகெங்கும் பத்தாயிரம் குழந்தைகள் வரை கைகால் வளராமல் பிறந்திருந்தன. அமெரிக்காவில் அந்த எண்ணிக்கை சில பத்துகளைத் தாண்டவில்லை. அந்த மாதங்களில் கெல்சி ஒரு கெடுவைக் கவனிக்காமல் விட்டிருந்தால், அவருடைய மௌனமே அனுமதியாகியிருக்கும். இந்த வேலையில் தேதி எவ்வளவு பெரிய விஷயம் என்று புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

1962-இல் சட்டம் தலைகீழானது. பாதுகாப்போடு, மருந்து வேலை செய்கிறது என்பதையும் நிரூபிக்க வேண்டும். எஃப்டிஏ வாய் திறந்து "சரி" என்று சொன்னால்தான் விற்கலாம். அவர்களுக்குக் கெடு 180 நாள். ஆனால் இப்போது மௌனம் மறுப்பாகிவிட்டது. கெடு தாண்டினாலும் யாரும் கேட்பதில்லை. ஆள் பற்றாக்குறை வேறு. 1980-களில் ஒரு புது மருந்து அனுமதி பெற இரண்டரை வருஷம்கூட ஆனது. இங்கிலாந்தில் கிடைக்கும் மருந்து அமெரிக்க நோயாளிக்குக் கிடைக்காத நிலை. அந்தக் காலத்தில்தான் எய்ட்ஸும் வந்தது. 1988 அக்டோபரில், மேரிலாந்து மாநிலம் ராக்வில்லில் இருந்த எஃப்டிஏ தலைமையகத்தை ஆயிரம் பேருக்கு மேல் திரண்டு முற்றுகையிட்டார்கள். அட்டையில் கல்லறைக் கல் செய்து தலைமாட்டில் வைத்துக்கொண்டு தரையில் படுத்தார்கள். அவர்களுக்கு மௌனம் என்பது சாவு.

இந்த முடிச்சை அவிழ்த்த வருஷம் 1992. அப்போது எஃப்டிஏ ஆணையர் டேவிட் கெஸ்லர். விண்ணப்பத்தோடு கம்பெனிகள் கட்டணம் கட்ட வேண்டும். அந்தப் பணம் அரசுக் கஜானாவின் பொதுக் கணக்கில் கரையாமல், பரிசீலனைக்கு ஆள் எடுக்கவே செலவாக வேண்டும். பதிலுக்கு எஃப்டிஏ நாள் கணக்கில் வாக்குக் கொடுக்க வேண்டும். இதுதான் பேரம். அக்டோபர் 29 அன்று ஜார்ஜ் புஷ் (மூத்தவர்) கையெழுத்திட்டார். பிடுஃபா என்று எங்கள் துறை நாள்தோறும் உச்சரிக்கிற பெயர் அந்தச் சட்டத்தினுடையது. 1993-இல் முழு விண்ணப்பத்துக்குக் கட்டணம் 1 லட்சம் டாலர். 2025 நிதியாண்டில் அது 43 லட்சம் டாலரைத் தாண்டியது.

இலக்குகள் சட்டத்துக்குள் இல்லை. 1992 செப்டம்பரில் கெஸ்லர் நாடாளுமன்றக் குழுத் தலைவருக்கு எழுதிய கடிதத்தில் இருந்தன. அதை நிதானமாக வாசித்தால், வேலைக்கு இலக்கு எழுதும் கலை முழுவதும் அதில் தெரியும். எதை எண்ணுவது, கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கும், எப்போது நிற்கும், நூற்றில் எத்தனை. அவசர மருந்துகளுக்கு 6 மாதம், மற்றவற்றுக்கு 12 மாதம். முதல் நாளே நூற்றுக்கு நூறு என்று பேராசைப்படவில்லை. 1994-இல் 55 சதவீதம், 1995-இல் 70, 1996-இல் 80, 1997-இல் 90 என்று படிப்படியாக ஏறும் கணக்கு. மீதி 10 சதவீதம், மனிதர் கையில் இல்லாததற்காக விட்டு வைத்த இடம் என்றே நான் வாசிக்கிறேன்.

அந்தக் கடிதத்தின் உயிர் ஒரு சொற்றொடரில் இருக்கிறது. "பரிசீலித்து முடிவு தெரிவிப்பது" என்றுதான் இலக்கு. அனுமதிப்பது என்று எங்கும் இல்லை. குறைகளைப் பட்டியல் போட்டு "இப்போதைக்கு இல்லை" என்று கடிதம் அனுப்பினாலும் கடிகாரம் நிற்கும், இலக்கு நிறைவேறியதாகவே கணக்கு. 1938-இல் மௌனம் ஆம், 1962-க்குப் பிறகு மௌனம் இல்லை. 1992 மௌனத்தையே செல்லாததாக்கியது. ஆமோ இல்லையோ, குறித்த நாளுக்குள் வாயைத் திற. இல்லை என்கிற அதிகாரியும் கடமையைச் செய்தவரே என்று ஓர் அளவுகோலில் எழுதி வைத்தது, என் கண்ணில் பெரிய அறம்.

குறை இல்லாமல் இல்லை. 1997-இல் புதுப்பித்தபோது 12 மாதத்தைப் படிப்படியாக 10 ஆக்கினார்கள். 2008-இல் ஹார்வர்டின் டேனியல் கார்ப்பெண்டரும் மற்றவர்களும், கெடுவுக்குச் சற்று முன்பு அவசரமாக அனுமதி பெற்ற மருந்துகளில் பின்னாளில் பாதுகாப்புச் சிக்கல்கள் அதிகம் வந்ததாக எழுதினார்கள். தேதி நெருங்கினால் கை பதறும், பரீட்சை எழுதிய எவருக்கும் தெரியும். 2012-இல் கொண்டுவந்த ஏற்பாட்டில் புது மூலக்கூறுகளுக்குக் கடிகாரத்தை 60 நாள் தள்ளி ஓடவிட்டார்கள். முதல் சரிபார்ப்பு முடிந்த பிறகே 10 மாதம் தொடங்கும்.

அதே 2012-இல், காப்புரிமை முடிந்த மருந்தின் நகல்களான ஜெனரிக் மருந்துகளுக்கும் இந்த முறை வந்தது. இந்தியக் கம்பெனிகளின் வாழ்வு இதில்தான் இருக்கிறது. அப்போது 2,800-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் தேங்கிக் கிடந்தன. இங்கேயும் படிப்படிதான்: மூன்றாம் ஆண்டுக் கோப்புகளில் 60 சதவீதத்துக்கு 15 மாதம், நான்காம் ஆண்டில் 75, ஐந்தாம் ஆண்டில் 90 சதவீதத்துக்கு 10 மாதம். அன்றிலிருந்து எங்கள் ராத்திரிகளும் அந்தக் கடிகாரத்துக்குள் வந்துவிட்டன. ஃபைலிங் நாளில் கோப்பு எஃப்டிஏவின் கேட்வே என்ற மின்வாசல் வழியாக அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி நள்ளிரவுக்குள் போய்ச் சேர்ந்தால் அன்றைய தேதி. நமக்கு அது மறுநாள் காலை ஒன்பதரை, குளிர்காலமானால் பத்தரை. கோப்பை மின்வடிவில் தொகுக்கும் பப்ளிஷிங் வேலை செய்கிற பெண் திரையை விட்டுக் கண்ணெடுக்க மாட்டாள். ஒரு இணைப்பு உடைந்திருந்தால், ஒரு பக்கம் தவறான மாட்யூலில் உட்கார்ந்திருந்தால், சரிசெய்து மறுபடி ஏற்ற வேண்டும். ரசீது மின்னஞ்சல் வந்து விழும்வரை யாரும் டீ குடிக்கப் போவதில்லை.

அந்த ரசீதுத் தேதி எங்கள் கையில் இருக்கிறது. முதல் சரிபார்ப்பில் கோப்பு திரும்பி வராமல் நிற்பது எங்கள் கையில் இருக்கிறது. கேள்விக் கடிதம் வந்தால் கேட்ட நாளுக்குள் பதில் போவதும், ஒரு தடவை பதில் சொன்ன கேள்வி மறுபடி வராமல் இருப்பதும் எங்கள் கையில் இருக்கிறது. ஒரு மருந்து இன்னும் தயாராகவில்லை, இப்போது அனுப்பக் கூடாது என்று சொந்த நிர்வாகத்திடமே சொல்லும் துணிவும் எங்கள் வேலைதான். அப்ரூவல் எங்கள் கையில் இல்லை. அது அறிவியலின் கையிலும், தொழிற்சாலையின் கையிலும், கடல் தாண்டி உட்கார்ந்திருக்கும் ஒரு பரிசீலகரின் மனசாட்சியிலும் இருக்கிறது.

துறைத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஏப்ரலில் உங்கள் பிள்ளைகளுக்குத் தாள் எழுத உட்காரும்போது, எத்தனை அப்ரூவல் என்கிற அந்த வரியை அடித்துவிடுங்கள். கடிகாரம் எங்கே தொடங்கும், எங்கே நிற்கும், நூற்றில் எத்தனை என்று எழுதுங்கள். நூறு என்று மட்டும் எழுதாதீர்கள், தொண்ணூறு போதும்.