குடியேறத் தக்க நிலமா?

ஒருவன் மனைவி மக்களோடு பெயர்ந்து சென்று புதியதோரிடத்தில் குடியமர எண்ணினால், அவ்விடத்தின் தகுதியை எதைக்கொண்டு அளப்பது? அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தின் மேற்குக் கோடியிலுள்ள சிமரான் வட்டாரத்தின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகிறது.

மரமற்ற புல்வெளி அது. 1890 வரை எந்த மாநிலத்தின் ஆட்சிக்கும் உட்படாது கிடந்தமையால் ‘யாருக்கும் உரிமையற்ற நிலம்’ என்றே பெயர் பெற்றிருந்தது. லிங்கன் 1862இல் கையொப்பமிட்ட குடியேற்றச் சட்டமோ, ஐந்தாண்டு தங்கிப் பயிர் செய்பவருக்கு 160 ஏக்கர் தந்தது. வந்தவர்கள் மண்ணைப் பார்த்தார்கள். ஏர் தடைப்படக் கல்லில்லை, வேரில்லை. வந்த ஆண்டில் மழையும் பெய்திருந்தால் வேறென்ன வேண்டும்? 1908இல் பாய்ஸி நகரத்து மனைகளை விற்றவர்கள், நிழல் மரங்கள் நிறைந்த வீதிகளைப் படத்தில் காட்டினார்கள். வாங்கியவர்கள் வந்து கண்டது வெறும் புல்தரை. விற்றவர்கள் பின்னர் நீதிமன்றம் ஏறினார்கள் என்பது வேறு கதை.

உள்நாட்டுப் போரில் ஒரு கையை இழந்த பவல் என்னும் நிலநூல் அறிஞர், 1878இலேயே அரசுக்கு ஓர் அறிக்கை தந்திருந்தார். ஆண்டுக்கு 20 அங்குலத்துக்குக் குறைவாக மழை பெய்யுமிடத்தில் பாசனமின்றி உழவு நிலைக்காது. மேய்ச்சலை நம்பி வாழவேண்டுமாயின் ஒரு குடும்பத்துக்கு 2,560 ஏக்கர் வேண்டும் என்றார் அவர். சிமரானின் மழை அவ்வளவுக்கு உட்பட்டதே. அதிலும் சராசரி என்பது பொல்லாத சொல். சராசரியாக எந்த ஆண்டும் மழை பெய்வதில்லை. அவர் பேச்சு எடுபடவில்லை.

முதல் உலகப்போர்க் காலத்தில் கோதுமை விலை ஏறியது. போருக்குப் பின்னும் டிராக்டர்கள் புல்தரையைப் புரட்டிக்கொண்டே இருந்தன. 1931இல் விலை வீழ்ந்தது. அடுத்துப் பஞ்சம் வந்தது. மண்ணைப் பிடித்திருந்த புல்வேர் இல்லாமற் போகவே, நிலமே எழுந்து பறந்தது. முல்லை திரிந்து பாலையாகும் என்று நம் முன்னோர் வகுத்தது கோடையின் செயலை. இங்கோ கோடைக்குக் கொழுமுனையும் துணை நின்றது. 1935 ஏப்ரல் 14, ஞாயிறன்று எழுந்த புழுதி பகலை இருளாக்கியது.

அம்மக்கள் முன்னேற்பாடு அறியாதவர் அல்லர். சுழற்காற்றுக்கு அஞ்சி நிலவறை தோண்டியிருந்தார்கள். காய்கனிகளைப் பதப்படுத்திச் சேமித்திருந்தார்கள். ஆயினும் சன்னலில் கட்டிய ஈரத்துணியைக் கடந்து புழுதி நுரையீரலில் புகுந்தது. ஒரு வாரத்துத் துன்பத்துக்கு நிலவறை போதும். எட்டாண்டுத் துன்பத்துக்கு அது எம்மட்டு? காற்றாடிக் கிணறும் கறவைப் பசுவும் கோழிகளும் உடையவர்கள் ஒருவாறு தாக்குப்பிடித்தார்கள். கோதுமை ஒன்றையே நம்பியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு போனார்கள். 1930இல் 5,400 பேர் இருந்த வட்டாரத்தில் 1940இல் 3,700 பேரும் இல்லை.

பின்னாளில் ஆழ்கிணறுகள் வந்தன. ஒகல்லாலா என்னும் நிலத்தடி நீர்த்தேக்கத்திலிருந்து நீரிறைத்து மீண்டும் பயிரிட்டார்கள். இறைக்கும் அளவுக்கு ஊற்று ஊறுவதில்லை. நீர்மட்டம் இறங்கி வருகிறது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கு வாழ்ந்தவர் 2,300 பேருக்கும் சற்றுக் குறைவு.