செயென் வீரன் உரோமன் நோஸ்

ஐக்கிய அமெரிக்காவின் பெருஞ் சமவெளிகளிலே 1860களில் வெள்ளையர் படையினர் பெரிதும் அஞ்சிய பெயர் உரோமன் நோஸ் என்பதாகும். வளைந்த மூக்கினன் எனப் பொருள்படும் செயென் பெயரையே வெள்ளையர் இவ்வாறு மாற்றி வழங்கினர். படையினரும் பத்திரிகையாளரும் அவனைச் செயென் மக்களின் பெருந்தலைவன் என்று எழுதினர். அது பிழை. செயென் மக்களை ஆண்டது நாற்பத்துநான்கு தலைவர் கொண்ட அவையாகும். அவ்வவையில் அவன் என்றும் இடம்பெற்றானல்லன். பதவி யாதுமின்றியே வீரர் அவன் பின் சென்றனர்.

அவன் வீரத்தோடு இணைத்துப் பேசப்பட்டது அவன் அணிந்த கழுகிறகுத் தலையணி. வெள்ளை எருது என்னும் பெரியார் அதனை ஆக்கி அளித்தபோது சில விலக்குகளையும் விதித்தார். உலோகம் தீண்டிய உணவை உண்ணலாகாது என்பது அவற்றுள் ஒன்று. 1864 நவம்பர் 29 இல் சாண்ட் கிறீக்கில் பெண்டிரும் குழந்தைகளும் முதியோருமாகச் செயென், அரப்பகோ மக்கள் பலர் படுகொலை செய்யப்பட்டனர். மறு ஆண்டு பவுடர் ஆற்றருகே நிகழ்ந்த போரில், அவன் படையணியின் முன்னே குதிரையிற் குறுக்கும் நெடுக்குமாகச் சென்றான். குதிரை வீழ்ந்தது, அவன் மேனியிற் குண்டு படவில்லை. 1867 இல் ஹான்கொக் தளபதி செயென் குடியிருப்பொன்றை எரித்தார். அவ்வாண்டு மெடிசின் லொட்ஜ் உடன்படிக்கையில் உரோமன் நோஸ் ஒப்பமிடவில்லை.

1868 செப்டெம்பர் 17 ஆம் நாள் விடியலிலே, அரிக்காரி ஆற்றங்கரையிற் பாசறை அமைத்திருந்த மேஜர் போர்சைத்தும் அவரது ஐம்பது வேவுவீரரும் தாக்கப்பட்டனர். அவர்கள் ஆற்றிடை மணற்றீவொன்றிற் குழி தோண்டி, தொடர்ந்து சுடவல்ல துப்பாக்கிகளாற் போரிட்டனர்.

காலைப் போரில் உரோமன் நோஸ் கலந்துகொள்ளவில்லை. சில நாட்களுக்கு முன் சூ மக்களின் பாசறையில் நிகழ்ந்த விருந்திலே, ஒரு பெண் இரும்பு முள்ளினால் எடுத்துக் கொடுத்த உணவை அவன் அறியாது உண்டுவிட்டான். உண்மை தெரிந்தபின், விலக்கு மீறியதற்கான தூய்மைச் சடங்கைச் செய்ய அவகாசம் கிடைக்கவில்லை. போர்க்களத்துக்கு அப்பால் ஒதுங்கியிருந்த அவனிடம் முதியவர் ஒருவர் வந்து, மக்கள் மடிகின்றனர், யாவரும் உன்னையே நோக்கி நிற்கின்றனர் எனக் கடிந்துரைத்தார். தான் இன்று இறப்பது உறுதி என அவன் விடையிறுத்தான். பின் வண்ணம் பூசித் தலையணி அணிந்து குதிரையேறினான். கரையோரப் புல்லுள் மறைந்திருந்தோர் சுட்ட குண்டு அவனைத் தைத்தது. திரும்பி வந்தானாயினும் நெடுநேரம் உயிர் தரித்திலன்.

போர்சைத் பிற்காலத்தில் எழுதிய வரலாறு இதனின் வேறுபடும். முற்பகலிற் பெரும் குதிரைப்படையை நடத்தி வந்து அவன் வீழ்ந்தான் என்கிறார் அவர். செயென் முதியோரின் வாய்மொழிகளைத் திரட்டிய கிறின்னெலும், செயென் தாயின் மகனான ஜோர்ஜ் பென்ற்றும் அவன் பிற்பகலிலேயே களம் புகுந்தான் என்பர். முன் பின் கண்டறியாதவனை மணற்குழியிலிருந்து புகையூடே இனங்கண்டவர் கூற்றினும், அவனோடு வாழ்ந்தோர் கூற்றே கொள்ளத்தக்கது. வேறுபாடு நேரத்தைப் பற்றியது மட்டுமன்று. போர்சைத் காட்டுவது வெற்றியை நாடி வந்த தளபதியொருவனை. செயென் மக்கள் நினைவிற் கொண்டதோ, இறப்போம் என்று நம்பியே குதிரையேறிய ஒருவனை.

முற்றுகைக்குட்பட்டோர் செப்டெம்பர் 25 இல் மீட்கப்பட்டனர். அங்கு மாண்ட லெப்டினன்ட் பீச்சரின் பெயரையே வெள்ளையர் அத்தீவுக்கு இட்டனர்.