புட்டியின் மேல் ஒரு புலி

எழுத்தறியாதார்க்கும் விளங்குவது சித்திரம். இவ்வுண்மையை மது வியாபாரிகள் முன்னரே கண்டுகொண்டனர். இங்கிலாந்தில் 1876-ஆம் ஆண்டு முதன்முதலாகப் பதிவான வியாபாரக் குறி, பாஸ் பியர்ப் புட்டியின் சிவப்பு முக்கோணமேயாம். பிரெஞ்சு ஓவியர் மானே 1882-இல் தீட்டிய மதுச்சாலைப் படத்திலும் அதனைக் காணலாம்.

சிங்கப்பூரில், பிரேசர் அண்டு நீவும் ஹாலந்து தேசத்து ஹைனெக்கனும் 1931-இல் கூட்டாக நிறுவிய மலாயன் புரூவரீஸ், 1932-இல் டைகர் பியரை வெளியிட்டது. அதன் லேபிலில் புலி. போட்டிக் கம்பெனியின் ஆங்கர் பியரிலோ நங்கூரம். தோட்டத்திலாயினும் சிராங்கூன் சாலையிலாயினும், பெயரைப் படிக்கவியலாத தொழிலாளியும் படத்தைச் சுட்டி வாங்கலாம்.

இன்று சிறு பியர்ச் சாலைகளும் ஓவியத்தையே நம்புகின்றன. அக்கலையை நாம் பழிக்கவில்லை. ஆயின், படத்தின் கீழே சிறு எழுத்தில் நிற்கும் போதைச் சத்தின் அளவையும் வாசிக்கக் கற்றவனே தன் கூலிக்கு எசமானன். படத்தை மட்டும் கண்டவனுக்கோ புலியே எசமானன்.