சைகோனில் தங்கிய நமது கறி



ஒரு சமுதாயத்தின் வரலாறு கல்வெட்டிலும் பத்திரத்திலும் மட்டுமன்றி அடுப்படியிலும் எழுதப்பட்டிருக்கிறது. வியட்நாம் நாட்டின் உணவை நாம் இங்கே அறிமுகம் செய்வது இக்கருத்தை முன்வைத்தேயாகும்.

வியட்நாமியர் நம்மைப் போலவே அரிசி உண்பவர்கள். சோற்றுடன் அரிசிச் சேவையும், மெல்லியதாக வார்த்து வெயிலில் உலர்த்திய அரிசித் தாளும் அவர்களின் அன்றாட உணவு. தாளிதமும் எண்ணெயும் குறைவு; பச்சையாக உண்ணும் கீரை, தழைகள் மிகுதி. உப்புச் சுவைக்குப் பெரிதும் பயன்படுவது 'நுவோக் மம்' எனும் மீன்சாறு. நெத்திலியையும் உப்பையும் மரத்தொட்டிகளில் இட்டு, ஏறக்குறைய ஓராண்டு ஊறவைத்து வடித்தெடுப்பர். 'ஃபோ' என்பது மாட்டெலும்பைப் பல மணி நேரம் கொதிக்கவைத்த சாற்றில் அரிசிச் சேவையும் இறைச்சியும் சேர்த்த உணவு. அதில் இடப்படும் பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ ஆகியன நமது பிரியாணிக்கும் உரியவையே. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடபகுதியில் உருவான இவ்வுணவு, 1954இல் நாடு பிரிந்தபோது தெற்கே குடிபெயர்ந்தோரால் சைகோனில் பெருகியது.

இவற்றினிடையே 'கா ரி' என்றொரு குழம்பும் உண்டு. பெயர் நமது 'கறி' என்னும் சொல்லே. மஞ்சள் கலந்த மசாலாத் தூளும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கோழியைச் சமைப்பர். நமது கறியில் வழக்கமாக இடாத எலுமிச்சைப்புல், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, மீன்சாறு ஆகியவற்றை அவர்கள் சேர்த்துக்கொண்டனர். பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்த நீள ரொட்டியைத் தொட்டு உண்பதும் வழக்கம்.

இந்தக் கறி அங்கே சென்றது எவ்வாறு? பிரெஞ்சுக்காரர் 1859இல் சைகோனைக் கைப்பற்றினர். அப்போது புதுச்சேரியும் காரைக்காலும் அவர்கள் ஆட்சியிலேயே இருந்தன. அங்கிருந்து தமிழர்கள் எழுத்தர்களாகவும் காவலர்களாகவும் கப்பலேறினர். செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்தினர். காரைக்கால், கூத்தாநல்லூர் முதலிய ஊர்களின் முஸ்லிம்கள் ஜவுளிக் கடைகள் வைத்தனர். தமிழர் சிலர் பசுக்களை வளர்த்துப் பால் விற்றனர்.

பன்றியிறைச்சி மிகுதியாகப் புழங்கும் அந்நாட்டில் ஹலாலான உணவைத் தேடுவது அவர்களுக்கு அன்றாடக் கடமையாயிற்று. தாமே அறுத்து, தம் கைப்பக்குவத்தில் சமைத்து உண்ண வேண்டியிருந்தது. பேணுதலுக்காக வைத்த அடுப்பே அந்நகரத்தாருக்குப் புதியதொரு சுவையையும் அறிமுகம் செய்தது என்று கருத இடமுண்டு. தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் சைகோனின் டோங் டு வீதியில் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் உள்ளது. அதன் பின்புறத்தில் நெடுங்காலம் ஓர் இந்திய உணவுக்கடையும் நடந்துவந்தது.

அந்நாட்டிலேயே தோன்றிய முஸ்லிம்களும் உண்டு. மேகாங் ஆற்றுப்படுகையின் சாவ் டோக் பகுதியில் வாழும் சாம் இனத்தார் அவர்கள். மாட்டிறைச்சியில் அவர்கள் செய்யும் 'துங் லோ மோ' அப்பகுதிக்கே உரிய பெயர்பெற்ற உணவு. அவர்களின் பண்டைய கல்வெட்டு எழுத்து, காஞ்சியை ஆண்ட பல்லவர் காலத்து எழுத்தை ஒத்தது என்பது நமது வட்டாரத்தார் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி.

1975இல் போர் முடிந்து ஆட்சி மாறியபின், சைகோன் தமிழருள் பெரும்பாலோர் கடைகளையும் உடைமைகளையும் விட்டு வெளியேறினர். ஜவுளிக் கடைகளின் பெயர்ப்பலகைகள் மறைந்தன. அவர்கள் வக்ஃபாக விட்டுச்சென்ற பள்ளிவாசலில் இன்று பல நாட்டார் தொழுகின்றனர். கறியோ அந்நாட்டு வீடுகளில் கொதிக்கிறது. அதைச் சமைப்போருள் எத்தனை பேர் அதன் பூர்வீகத்தை அறிவர்?

எழுதி வைக்காத வரலாற்றின் கதி இதுவே. பிழைப்புக்காக வெளியூரும் வெளிநாடும் சென்ற பெரியவர்கள் நமது மஹல்லாக்களிலும் இருக்கின்றனர். எங்கே தங்கினார்கள், என்ன உண்டார்கள், ஹலாலை எவ்வாறு பேணினார்கள் என்பதை அவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்பது இளைஞர்களின் பொறுப்பாகும். வல்ல அல்லாஹ் அதற்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.